குரலுக்கு ஒரு குறிப்பேடு

சென்ற வருஷம் ஆனி மாசக் கடைசியில், என் புத்தகங்களை வெளியிடுகிற பதிப்பகத்திலிருந்து ஒரு தம்பி வெண்ணந்தூருக்கு வந்திருந்தார். ராசிபுரத்தில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணா, நீங்க எழுதறது மட்டும் போதாதுங்க. எழுதிக்கிட்டு இருக்கீங்கன்னு நாலு பேருக்குத் தினமும் தெரியணும்" என்றார்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நாளுக்கு ஒரு பதிவு என் பெயரில் வரவேண்டும் என்பது அவர் கட்சி. நாவல் எழுதுகிற மாசங்களில் நான் கடிதத்துக்குக்கூடப் பதில் போடாதவன் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வழியையும் கையோடு கொண்டு வந்திருந்தார். செயற்கை அறிவு யந்திரம் எழுதிக் கொடுக்கும். நான் பார்த்து 'சரி' என்றால் போதும். கொஞ்ச நாள் பழகிவிட்டால் அந்தச் சிரமமும் வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார். ஒரே ஒரு சிக்கல்தான். யந்திரத்துக்கு என்னைத் தெரியாது. தெரியாமல் எழுதச் சொன்னால் ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதிவிடும். என்னை அதற்குத் தெரியவைக்க ஓர் ஆவணம் வேண்டும். பையிலிருந்து நான்கு பக்கக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 'எழுத்தாளர் குரல் குறிப்பு' என்று தலைப்புப் போட்டிருந்தது.

கேள்விகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உங்கள் வாக்கியம் நீளமானதா, குறுகியதா? அடிக்கடி கையாளும் சொற்கள் எவை? ஒருபோதும் கையாளாத சொற்கள் எவை? வாசகரை எப்படி அழைப்பீர்கள்? உங்கள் நகைச்சுவை எந்த வகையைச் சேர்ந்தது? கோபம் வந்தால் எப்படி எழுதுவீர்கள்? வட்டார வழக்கு எத்தனை சதவிகிதம் இருக்கலாம்? கடைசியாக, உங்கள் எழுத்தில் உங்களுக்குப் பிடித்த ஐந்து பத்திகளை மாதிரிக்குத் தரவும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. அந்தச் சதவிகிதக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மா'ளை எழுதியபோது கொங்குப் பேச்சை இத்தனைக்கு இத்தனை என்று படி போட்டு அளந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆனால், சும்மா சொல்லக்கூடாது. உள்ளூர எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். என் நடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. விமரிசகர்கள் இரண்டு வரியோடு விட்டுவிடுவார்கள். ஆகவே தம்பியைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, "மூணு நாள்ல எழுதித் தர்றேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த மூன்று நாளைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த லாபம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்வதென்றால் ஞாபகத்தை நம்ப முடியாது. ஆகவே என் நாவல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக மாடி அறையில் உட்கார்ந்தேன். 'எப்படியோ' என்ற சொல்லை ஒரே நாவலில் எழுபது தடவைக்கு மேல் எழுதியிருந்தேன். காரணம் யோசிக்கச் சோம்பல் வந்த இடத்திலெல்லாம் 'எப்படியோ' வந்து நின்று காரியத்தை முடித்துக் கொடுத்திருக்கிறது. சிறுகதைகளைப் புரட்டினால், ஆறு கதையின் முடிவில் யாரோ ஒருவர் விளக்கை அணைக்கிறார். ஏழாவது கதையில் மின்சாரமே போய்விடுகிறது. இருபது வருஷமாக நான் பெரிய உத்தி என்று நினைத்திருந்தது, எண்ணிப் பார்த்தால் வெறும் பழக்கம். எழுதுகிறவர் யாராக இருந்தாலும், யந்திரத்துக்குக் கொடுக்கிறாரோ இல்லையோ, ஒரு தடவை இப்படி உட்கார்ந்து தம்மைத் தாமே கணக்கெடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பிறர் எழுதும் விமரிசனத்துக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். நம் பென்சில் போட்ட கோட்டுக்குச் சமாதானம் கிடையாது.

இப்படி ஒருவர் எழுத்தின் அடையாளத்தைக் குறித்து வைப்பது நம்மிடம் பழைய வழக்கமில்லை. நன்னூலார் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் பட்டியல் போட்டார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்றெல்லாம் அவர் சொன்ன குற்றங்கள் என் கதைகளுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவை எல்லா நூலுக்கும் பொதுவானவை. இது இன்னார் எழுதியது என்று கண்டுபிடிக்க உதவமாட்டா. ('சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்பவள்' என்ற கருத்தில் அவர் நூலுக்கும் நூற்பதற்கும் முடிச்சுப் போடுகிற இடம் தறிக்காரர் ஊர்க்காரனான எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) 'குரல்' என்ற பேச்சே சமீபத்தில் வந்தது. நம்மவர்கள் 'நடை' என்றார்கள்.

எங்கள் ஊரில் காலையிலிருந்து விசைத்தறிச் சத்தம்தான். என் தகப்பனார் காலத்தில் கைத்தறி. அவர் சங்கத்துக்குப் போய்த் துணி மடிக்கும்போது நானும் கூடப் போவேன். யாருடைய சேலை எது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். கரையைப் பார்க்கவே மாட்டார். "கரை அட்டை பண்றதுடா. அட்டையில துளை இருக்கிறபடி பூ விழும், உங்கையில இருந்தாலும் அதே பூ, எங்கையில இருந்தாலும் அதே பூ" என்பார். ஓரத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். நாடா திரும்புகிற இடத்தில் ஊடையை எவ்வளவு இழுத்து விடுகிறான் என்பது ஆளுக்கு ஆள் வித்தியாசம். அவனவனுக்கே அது தெரியாது.

பின்னால் படித்த ஒரு விஷயம் இதோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1787, 1788-இல் அரசியல் சட்டத்தை ஆதரித்து 85 கட்டுரைகள் ஒரே புனைபெயரில் வெளியாயின. எழுதியவர்கள் ஹாமில்டன், மாடிசன், ஜே என்ற மூவர். அவற்றில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா, மாடிசனுடையவையா என்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தகராறு. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் 1964-இல் வெளியிட்ட புத்தகத்தில் அதைத் தீர்த்துவைத்தார்கள். அவர்கள் பெரிய சொற்களை, கருத்துச் சொற்களைப் பார்க்கவில்லை. நம் 'மேல்', 'போது' போன்ற அற்பச் சொற்களை எண்ணினார்கள். ஒருவர் சரளமாகப் போட்டிருக்கும் சின்னச் சொல்லை இன்னொருவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. தகராறுக் கட்டுரைகள் மாடிசன் பக்கம் போயின. தகப்பனார் தடவிப் பார்த்த ஓரம்தான் அது.

நம் பாரதி விஷயத்திலும் இதே பிரச்னை உண்டு. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் அவர் எழுதியவை பெரும்பாலும் பெயரில்லாமல் வந்தவை. ரா. அ. பத்மநாபனும் சீனி. விசுவநாதனும் பழைய ஏடுகளைத் தேடி அலைந்து தொகுத்தார்கள். பெயரில்லாத கட்டுரை ஒன்றை அவருடையது என்று சேர்ப்பதா, விடுவதா என்பதற்கு நடையும் ஒரு சாட்சி. புள்ளியியல் படித்த தமிழர்களும் அந்தக் கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். போனவரைப் போன பிறகு அடையாளம் காணச் செய்த வேலை இது. உயிரோடு இருக்கிறவன் தன் அடையாளத்தைத் தானே எழுதிக் கொடுப்பதும், அதைப் பார்த்து வேறொன்று அவன் மாதிரி எழுதுவதும் புதுசு.

அட்டையைப் பற்றி இன்னும் ஒன்று. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் தறிக்குத் துளையிட்ட அட்டையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் கட்ட நினைத்த கணக்கு யந்திரத்துக்கு அந்த அட்டை முறையையே எடுத்துக்கொள்ள உத்தேசித்தார். ஆக, எங்கள் வீட்டுத் தறிக்கும் தம்பி கொண்டுவந்த யந்திரத்துக்கும் தாயாதி உறவு உண்டு.

ஆவணத்தைக் கொடுத்துப் பத்து நாளில் ஆடி பிறந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி முதல் தேதி எங்கள் பக்கம் தேங்காய் சுடுகிற நோன்பு. தேங்காயை நார் போகத் தரையில் தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, உள்ளே அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாம் திணித்து, அழிஞ்சிக் குச்சியைச் சொருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டிச் சுடுவோம். பிறகு பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்போம். அன்றைக்கு யந்திரம் என் பெயரில் எழுதிய முதல் பதிவு இது:

"ஆடி பிறந்துவிட்டது. தறிச் சத்தத்தின் நடுவே அம்மாயியின் கைகளில் சுடப்பட்டது தேங்காய் மட்டுமல்ல, எங்கள் பால்யமும்தான். எப்படியோ, அந்தப் புகை இன்னும் என் சட்டையில் இருக்கிறது."

இதை ஒரு விமரிசகனாக இருந்து பார்ப்போம். தறி வந்துவிட்டது, அம்மாயி வந்துவிட்டாள், 'எப்படியோ'வும் வந்துவிட்டது. நான் ஆவணத்தில் எழுதிக் கொடுத்த மூன்றும் மூன்று வாக்கியத்தில் ஆஜர். கல்யாண வீட்டில் ஒருவர் எல்லா நகையையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு வந்தால் இரவல் என்று தெரிந்துபோகும், இல்லையா? அது கிடக்கட்டும். தேங்காய் சுடுவது பையன்கள் காரியம். அம்மாயி அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, "வேட்டியில தீ புடிக்கப் போகுதுடா சாமி" என்று கத்திக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் தறியும் ஓடாது. அப்புறம் அந்த 'மட்டுமல்ல.' அது என்னுடையதல்ல. நான் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. சுவரொட்டியிலிருந்தும் மேடையிலிருந்தும் வாழ்த்து மடல்களிலிருந்தும் பொறுக்கியது. ஒரு பொருளைச் சொல்லி, உடனே அதைத் தள்ளிவிட்டு, பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது. தேங்காயைத் தேங்காயாக இரண்டு வரி இருக்கவிட அதற்கு மனசில்லை.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு நிஜம் ஞாபகத்துக்கு வந்தது. ஆறாவது படிக்கும்போது, தண்ணீரைச் சரியாக வடிக்காமல் குச்சியை அடித்து இறுக்கித் தீயில் வைத்தேன். தேங்காய் வெடித்தது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒரு புருவம் பொசுங்கிப் போய், ஆவணி வரைக்கும் அவர் பாதி ஆச்சரியத்தோடு திரிந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் நினைக்காத விஷயம். பொய்யான தேங்காய் ஒன்று வந்துதான் நிஜத் தேங்காயைக் கொண்டுவந்தது. அந்த வகையில் யந்திரத்துக்கு நான் கடன்பட்டவன்.

தம்பியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆவணத்தைத் திருத்துங்கண்ணா" என்றார். திருத்தினேன். அடிக்கடி கையாளும் சொற்கள் என்ற பகுதியை அடித்துவிட்டு, செய்யமாட்டேன் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'மட்டுமல்ல' கூடாது. கேள்வி கேட்டு முடிக்கக் கூடாது. ஒரு பதிவில் ஓர் உவமைக்கு மேல் வேண்டாம். நான் சொல்லாமல் அம்மாயி வரக்கூடாது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. கடைசி விதியை எழுதும்போதே எனக்குச் சந்தேகம்தான். பார்த்தது என்று ஒன்றுமே இல்லாத யந்திரம் அதை எப்படிக் காப்பாற்றும்? மற்றவற்றைக் காப்பாற்றியது. மாதிரிப் பத்திகளையும் மாற்றினேன். நன்றாக அமைந்தவை என்று நான் நினைத்தவற்றை எடுத்துவிட்டு, மனசார எழுதியவற்றை வைத்தேன். மூன்றாவது பத்தி, என் தாயார் போன மறு வாரத்தைப் பற்றி நான் எழுதியது.

புரட்டாசிக்குள் யந்திரம் தேறிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்த மாதிரிக் கட்டுரையில் யந்திரத்தின் அசட்டுத்தனத்தை மட்டும் காட்டிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். வாசகருக்கும் அது பிடிக்கும். அது பழைய கதை. ஒரு நாள் என் மனைவி கையில் போனை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இந்த முறுக்குச் சமாசாரம் நல்லா எழுதியிருக்கீங்க" என்று சிரித்தாள். ஆட்டையாம்பட்டி முறுக்கைப் பற்றிய பதிவு. நான் எழுதவில்லை. வாக்கியத்தின் ஓரம்கூட என்னுடையது மாதிரியே இருந்தது. ஆயிரம் பக்கத்தில் சின்னச் சொற்களை எண்ண யந்திரத்துக்கு நொடிநேரம் போதும். என் தகப்பனார் விரலுக்கே அது பிடிபட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் என்ன குறை? சில நாள் யோசித்தேன்.

புதுமைப்பித்தனிடம் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் என்று ஒரு கற்பனை. 1934-இல் 'மணிக்கொடி'யில் 'பொன்னகரம்' எழுதியபோது அவருக்கு வயது 28. அந்தக் கதையை மாதிரியாக வைத்து ஆவணம் தயாரித்தால் என்ன கிடைக்கும்? சுருக்கம், குத்தல், தர்மம் பேசுகிறவர் முகத்தில் கடைசியில் ஓர் அறை. வாராவாரம் அதே மாதிரி ஒன்று வந்துகொண்டிருக்கும். வாசகரும் 'அசல் புதுமைப்பித்தன்' என்று கொண்டாடியிருப்பார். ஆனால் 1943-இல் 'செல்லம்மாள்' வந்திருக்காது. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு மனுஷர், சாகக் கிடக்கிற மனைவிக்குப் பணிவிடை செய்கிற கதை. அதில் அவசரமே இல்லை. யாரையும் குத்தவும் இல்லை. அதே வருஷம் கடவுளைச் சென்னைக்குக் கூட்டி வந்து கந்தசாமிப் பிள்ளையோடு அலையவிட்டுச் சிரிக்கவைத்தார். எந்த ஆவணத்தில் இதை எழுதுவது? 'அடுத்த கதையில் என்ன மாதிரி எழுதுவேன் என்று எனக்கே தெரியாது' என்று ஒரு வரி எழுதலாம். அதை வைத்துக்கொண்டு யந்திரம் ஒன்றும் செய்யமுடியாது. ஆவணம் என்பது நேற்று வரை எழுதியதன் அளவு. தையற்காரர் அளவு எடுத்துவைக்கிறார் என்பதற்காகப் பையன் வளராமல் இருப்பதில்லை. ஆனால் அளவுக்குத் தக்கபடி பையனை நிறுத்திவைத்தால், பாவம்.

ஆனாலும் குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எழுத்தை இன்னொருவர் தொடர்வது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானபோது 'அமரதாரா' தொடர்கதை பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை முடித்தார். ஒருவர் போனார், மகள் முடிக்கிறாள் என்று தெரிந்தே வாசகர்கள் படித்தார்கள். தகப்பனார் மாதிரி இருக்கிறதா என்று சிலர் ஒப்பிட்டிருப்பார்கள், அதுவும் நியாயம். யாரும் ஏமாறவில்லை. 2024-இல் 'லால் சலாம்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான், காலமாகிவிட்ட பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை அறிவால் வரவழைத்துப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதையும் பணம் கொடுத்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டில், 2018-இல் காலமான கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இல்லை என்பது தெரியும். கரகரத்த குரல் அவருடையதுதான். ஆனால் பேசியது அவர் எழுதாத வாசகம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி'க்கு 1950-இல் வசனம் எழுதியதிலிருந்து பிறர் வாயில் தம் சொல்லை வைத்தே பேர் வாங்கியவர். அவர் வாயில் பிறர் சொல்லை வைத்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

இவற்றிலெல்லாம் பார்க்கிறவருக்கு விஷயம் தெரியும். என் விவகாரத்தில் தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்கைப் பற்றி யார் எழுதினால் என்ன?

தை மாசம் சேலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கையெழுத்து வாங்க நின்றவர்களில் ஓர் அம்மாள், அறுபது வயசுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். புத்தகத்தை நீட்டாமல், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எழுதினதை எந்தங்கச்சிக்கும் படிச்சுக் காட்டினேனுங்க" என்றார்.

எந்தக் கதை என்று கேட்டேன்.

"கதை இல்லீங்க. எங்கம்மா போனப்ப எனக்கு எழுதினீங்களே."

என் பதிவு ஒன்றின் கீழே அவர் தம் தாயார் காலமான செய்தியை எழுதியிருக்கிறார். என் பெயரில் பதில் போயிருக்கிறது. பதில்களையும் யந்திரமே எழுதட்டும் என்று தம்பி ஏற்பாடு செய்ததும், நான் போனில் "சரி, பாத்துக்குங்க" என்று சொன்னதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கத்தைவிட்டுக் கேட்டேன்: "என்ன எழுதியிருந்தேனுங்கம்மா?"

நான் அடக்கமாக இருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். மனப்பாடமாகச் சொன்னார்:

"விடியக்காலையில் அடுப்படி விளக்கைப் போட இனி நீங்கள்தான் எழுந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கை தடுமாறும். பிறகு சுவிட்ச் இருக்கும் இடம் தெரிந்துவிடும்."

சொல்லிவிட்டு, "அப்படியேதானுங்க தம்பி. ரெண்டு நாள் தடுமாறுச்சு" என்றார்.

நல்ல வாக்கியங்கள். விமரிசகனாகக் கேட்டாலும் குறை சொல்ல முடியாது. ஓர் உவமைகூட இல்லை. ஆவணத்தில் நான் வைத்த மூன்றாவது பத்தியில், என் தாயார் போன மறு வாரம் இருட்டில் சுவரைத் தடவி அடுப்படி சுவிட்சைத் தேடியதை எழுதியிருந்தேன். முப்பது வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மா எழுந்து போட்டுவிட்ட பிறகுதான் நாங்கள் எழுந்திருப்போம். அந்தச் சுவிட்சை யந்திரம் எடுத்து இந்த அம்மாளுக்குக் கொடுத்திருக்கிறது. எடுக்கச் சொல்லி மாதிரியாக வைத்தவன் நான்தான். திருட்டு என்று சொல்ல முடியாது. அவருக்கு ஆறுதல் கிடைத்ததும் பொய்யில்லை. அவர் கைச் சூடு என் கையில் இருக்கிறது. ஆனால் அவருடைய தாயார் இறந்த செய்தியை நான் கேள்விப்பட்டது அந்த நிமிஷத்தில். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

"அம்மா பேர் என்னங்க?" என்று கேட்டேன்.

சொன்னார். எந்த ஊர், எத்தனை வயசு, கடைசியில் என்ன சாப்பிடக் கேட்டார்கள் என்பதையெல்லாம் சொன்னார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நின்றது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் யாருடைய பாரம் இறங்கும், யார் தலையில் ஏறும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நகர்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். பதில்களை நிறுத்தச் சொன்னேன். பதிவுகளையும் நிறுத்தச் சொன்னேன். அவருக்கு வருத்தம். "போன மாசம்தான் அண்ணா எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது" என்றார். அவர் கெட்டவரல்ல, என் புத்தகம் நாலு பிரதி கூடுதலாக விற்க வேண்டும் என்று உழைத்தவர். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, புதுப் பதிப்பு என்ன விலை என்கிற அறிவிப்புகளை யந்திரமே எழுதலாம், கீழே பதிப்பகத்தின் பெயரைப் போடுங்கள் என்று முடிவாயிற்று. என் பெயரில் வருகிறவற்றை நானே எழுதுகிறேன். மாசத்துக்கு ஒன்றோ இரண்டோ. புருவம் பொசுங்கிய கதையை எழுதினேன். அண்ணன் திருப்பூரிலிருந்து போனில் கூப்பிட்டுத் திட்டினார். பதில் போடவும் முயல்கிறேன். பாதிக்கு மேல் போட முடிவதில்லை. போடுகிறவை பெரும்பாலும், 'கேட்டு வருந்துகிறேன்' என்ற அளவில் மொண்ணையாகத்தான் இருக்கின்றன.

ஆவணம் மேஜை அறையில் இருக்கிறது. மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டேன். செய்யமாட்டேன் என்கிற பக்கத்தை மட்டும் நாவல் எழுதும்போது எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் 'எப்படியோ' என்று நானாக எழுதிய இடம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்த அம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பத்திரிகை வாங்குகிறவர். வியாழக்கிழமையானால் பேப்பர் கடையில் நிற்பேன் என்று அன்றைக்கு அவரே சொன்னார்.